பண்ணைக்குட்டையில் பறவை மறைவிடம்: எந்தக் கரையில் அமைப்பது?

கொரங்காட்டுக் கவுதாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய கொரங்காட்டின், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தின், தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை உண்டு. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் கோடை வரையிலும் தண்ணீர் நிற்கும். கரையில் பட்டுப்போன ஒரு வெள்வேல மரம் நிற்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் சிரால் எனும் சிறு மீன்கொத்தியும் அதில் மாறி மாறி வந்து உட்காருகின்றன. கிளுவை வேலியின் மேல் பச்சைப் பஞ்சுருட்டான்கள் நாள் முழுவதும் இருக்கின்றன. மாலையில் கொக்குகள் இறங்குகின்றன.

150–600 மி.மீ. லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இதுவரை எடுத்த படங்களில் பறவைகள் எல்லாம் உட்கார்ந்தே இருக்கின்றன. இல்லாவிட்டால் என்னைக் கண்டு பறந்து போகும்போது முதுகைக் காட்டுகின்றன. மீன்கொத்தி தண்ணீரில் பாய்வதையும், பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்துத் திரும்புவதையும், கொக்கு கால்களை நீட்டி இறங்குவதையும் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகக் குட்டையின் கரையில், பறவைகளுக்குத் தெரியாமல் நான் உட்கார்ந்து படமெடுக்க ஒரு மறைவிடம் அமைக்கலாம் என்றிருக்கிறேன். நண்பர் ஒருவர், மரத்தடியில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தண்ணீர் மட்டத்துக்குப் புதைத்து, அதில் உயிர் மீன்களை விட்டால் மீன்கொத்தி அங்கேயே பாயும் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எந்தக் கரையில் அமைப்பது, எதைக்கொண்டு கட்டுவது, தொட்டி வைப்பது சரிதானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


நொய்யல் கரை எழுதியது:

தம்பி, எதைக்கொண்டு கட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கே கட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பறவைக்கு அருகில் போவதற்காகத்தான் மறைவிடம் என்று பலர் எண்ணுகிறார்கள். அருகில் போவது அதன் ஒரு பயன்தான். நாம் இருப்பது தெரியாமல் பறவை தன் வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும், அந்த வேலையின் முகப்பக்கம் நம் லென்ஸுக்கு நேராக அமைய வேண்டும். இந்த இரண்டாவதை நம் ஊரில் தீர்மானிப்பவை காற்றும் வெயிலும்.

பறவைகள் இறங்கும்போதும் எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே இறங்குகின்றன, எழும்புகின்றன. எதிர்க்காற்று இறக்கைக்குத் தூக்கும் விசையைக் கொடுப்பதால் குறைந்த வேகத்திலேயே நிலைகொள்ள முடிகிறது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று மீனைப் பார்க்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் காற்று வரும் திசையை நோக்கியே நிற்கும். ஆகவே பறவையின் முகம் வேண்டுமானால் காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீச வேண்டும். வெயிலும் முதுகுப் பக்கம் இருந்தால்தான் கண்ணில் ஒளிப்புள்ளியும் இறகின் விவரமும் கிடைக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் சேரும் நேரம் எது என்பதே கேள்வி.

கொங்கு நாட்டில் இதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் பறவைகள் மேற்கு நோக்கி இறங்கும். காலை வெயிலுக்காகக் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் வெயில் கிடைக்கும், ஆனால் இறங்கும் கொக்கின் வாலைத்தான் பார்ப்பீர்கள். மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து மாலையில் உட்கார்ந்தால் காற்றும் வெயிலும் சேர்ந்து முதுகுப் பக்கம் அமையும். ஐப்பசி முதல் தை வரை நிலைமை நேர்மாறானது. காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும். காலையில் கிழக்குக் கரையில் மேற்கைப் பார்த்து உட்கார்வதே சரி.

ஒரே ஒரு மறைவிடம்தான் கட்ட முடியும் என்றால் தென்கரையில் வடக்கைப் பார்த்துக் கட்டுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தென்புறம் சாய்ந்தே செல்வதால் முற்பகல் முழுவதும் ஒளி உங்கள் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும். மேற்குக் காற்றானாலும் கிழக்குக் காற்றானாலும் பறவைகள் உங்களுக்குக் குறுக்கே பக்கவாட்டுத் தோற்றத்தில் இறங்கும். நேர்முகத் தோற்றம் கிடைக்காது என்பது இதன் குறை. நம் ஊர் 11 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த மாதங்களில் தென்கரை மறைவிடத்தின் பயன் பெரிதும் குறையும்.


சிரால் எழுதியது:

நொய்யல் கரை அண்ணா சொன்னது இறங்கும் பறவைக்கும் அந்தரத்தில் நிற்கும் பறவைக்கும் முழுக்கப் பொருந்தும். கிளையிலிருந்து பாயும் சிறு மீன்கொத்திக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அது காற்றைவிடத் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தே இடத்தைத் தேர்கிறது, ஏனென்றால் சிற்றலை எழுந்த நீரில் மீன் அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மேற்குக் காற்று வலுத்த மாலைகளில் எங்கள் பக்கத்துக் குட்டைகளில், கரை மேடு காற்றைத் தடுப்பதால் அலையடங்கிக் கிடக்கும் மேற்கு ஓரத்திலேயே அது மீன் பிடிப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே ஆடியில் மேற்குக் கரை என்ற முடிவுக்கு அதுவும் சாதகமாகவே அமைகிறது.

இனிப் பாய்ச்சலைப் படமெடுப்பதைச் சொல்கிறேன். ஆர்வத்தோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான். கிளையை விட்டுத் தண்ணீரைத் தொடும் வரையிலான முழுப் பாய்ச்சலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். ஆகவே பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்ய முயல வேண்டாம். அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டி வைத்துக் காத்திருங்கள்.

இந்த முறையில் லென்ஸின் கூர்மை ஆழத்தைக் கணக்கிட்டுப் பார்க்காமல் உட்காரக் கூடாது. முழுச் சட்டகக் கேமராவில் 600 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 6.3, எட்டு மீட்டர் தொலைவு என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ. மட்டுமே. பறவை உங்களை நோக்கியோ உங்களிடமிருந்து விலகியோ பாய்ந்தால் அந்த 7 செ.மீ.க்குள் அது இருக்கும் நேரம் மிகக் குறைவு. கிளையின் நுனியும், பறவை நீரில் விழும் இடமும், நீங்களும் ஒரு செங்கோணத்தில் அமையும்படி, பாய்ச்சல் உங்களுக்குக் குறுக்கே நடக்கும்படி உட்கார வேண்டும். லென்ஸை 400 மி.மீ.க்குக் குறைத்தால் அந்த ஆழம் இரு மடங்குக்கும் மேல் கூடும்; விரிந்த சிறகுகளுக்கும் படத்தில் இடம் இருக்கும். பறவையைச் சிறிதாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதே என் வழக்கம். படத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் சிறகு நுனி வெட்டுப்பட்ட படங்களை நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஷட்டர் வேகம் பாய்ச்சலுக்கு 1/4000 நொடி அளவிலும், அந்தரத்தில் நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு 1/2500 அளவிலும், இறங்கும் கொக்குக்கு 1/1600 அளவிலும் இருந்தால் போதும். அதற்காக ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன் 3200 வரை ஏறினாலும் அஞ்ச வேண்டாம். பறவை நீருக்குள் நுழைவதைவிட வெளியேறுவது மெதுவாக நடக்கிறது. நனைந்த உடலோடும் மீனோடும் அது எழ வேண்டியிருக்கிறது. தொடங்குபவர்கள் வெளியேறும் கணத்தையே குறி வைக்கலாம்.

உங்களிடம் மிரர்லெஸ் கேமரா இருந்தால், பொத்தானை முழுவதும் அழுத்துவதற்குச் சற்று முந்தைய படங்களையும் சேர்த்துப் பதியும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் வந்த ஒலிம்பஸ் ஈ.எம்.1 மார்க் 2 கேமராவிலேயே அது இருந்தது. இப்போது பல நிறுவனங்களின் கேமராக்களில் கிடைக்கிறது. அதோடு வரும் ஓசையற்ற மின்னணு ஷட்டர் மறைவிடத்துக்கு மிக ஏற்றது. ஆனால் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து கோணலாகப் பதியும். அத்தகைய கேமரா என்றால் இயந்திர ஷட்டரையே பயன்படுத்தி, கேமராவின் உடலைச் சுற்றித் தடித்த துணியைப் போர்த்துங்கள்.


பனங்காடை எழுதியது:

கட்டும் பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். கடையில் விற்கும் இலை அச்சிட்ட துணிக்கூடாரம் கொரங்காட்டில் எதோடும் ஒட்டாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் துணி படபடவென்று அடிக்கும்போது குட்டைக்கு ஒரு பறவையும் வராது. உங்கள் பறவைகள் பிறந்தது முதல் பார்த்து வருவது சோளத்தட்டுப் போரையும் தென்னந்தடுக்கு வேய்ந்த சாளைக் குடிசையையும்தான். நான்கு குச்சிகளை ஊன்றி, சுற்றிலும் தட்டுக்கட்டுகளை நிறுத்தி, மேலே தடுக்குப் போட்டால் போதும். உட்புறம் கறுப்பு நிழல்வலையை இரட்டையாக அடியுங்கள். பின்பக்கம் நன்றாக மூடியிருக்க வேண்டும்; அங்கே வெளிச்சம் நுழைந்தால் உங்கள் தலை அசைவு முன்பக்க ஓட்டை வழியாக நிழலுருவமாகத் தெரியும். உள்ளே இருப்பவர் அடர்நிற உடை அணிவது அவசியம்.

உட்காரும் இடத்தைக் குழியாகத் தோண்டி, லென்ஸ் நீர்மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும்படி செய்யுங்கள். மேலிருந்து பார்த்து எடுத்த படத்தில் பறவையின் பின்னணியாகச் சேற்றுத் தண்ணீரே வரும். தாழ்வாக எடுத்தால் எதிர்க்கரை தொலைவில் மங்கிப் பின்னணி தூய்மையாகிவிடும், பறவையின் கண்ணும் நமக்கு நேராக வரும். குழியில் விரியன் புகுந்திருக்கக்கூடும். விடியுமுன் நுழைகிறவர்கள் டார்ச் அடித்து, கோலால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்கவே கூடாது.

கட்டிய அன்றே போய் உட்காராதீர்கள். முதலில் குட்டையிலிருந்து தள்ளிக் கட்டி, பறவைகள் பழகப் பழக அருகே நகர்த்துங்கள். லென்ஸ் வரும் ஓட்டையில் கறுப்பு பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை நிரந்தரமாகச் செருகி வையுங்கள். பிறகு அந்த இடத்தில் லென்ஸ் வரும்போது புதிதாக எதுவும் முளைத்ததாகப் பறவைக்குத் தோன்றாது. விடியுமுன் உள்ளே போக முடியாவிட்டால் இன்னொருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருவர் வந்து ஒருவர் வெளியேறிப் போவதைப் பார்த்ததும் பெரும்பாலான பறவைகள் ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். காகத்திடம் மட்டும் இதை நம்ப முடியாது.

உங்களுக்குக் காங்கயம் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, உள்ளீடற்ற எருது உருவம் ஒன்றைச் செய்து அதற்குள் நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். மேயும் மாட்டுக்குப் பறவை அஞ்சாது என்பதே அதன் அடிப்படை. உங்கள் மாடுகள் குட்டையில் தண்ணீர் குடிக்க வருவதை நிறுத்தாதீர்கள். மாடுகள் சுற்றி மேயும்போது அங்கே கிடக்கும் மறைவிடத்தையும் பறவைகள் விரைவில் ஏற்றுக்கொள்கின்றன. மாடு கிளப்பும் பூச்சிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்கும் கரிச்சானும் தாமாகவே வரும். அவை பூச்சியைத் தாவிப் பிடிப்பதும் மீன்கொத்தியின் பாய்ச்சலுக்குக் குறையாத காட்சிதான்.


சூலூர் நாமக்கோழி எழுதியது:

சொந்தத் தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது? சூலூர்க் குளத்திலும் சிங்காநல்லூர்க் குளத்திலும் எங்களால் மறைவிடம் கட்ட முடியாது. வெள்ளோட்டிலும் நஞ்சராயன் குளத்திலும் அனுமதி கிடைக்குமா?


நொய்யல் கரை எழுதியது:

இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே நாமாக எதையும் கட்டக்கூடாது. வனத்துறை விடும் பாதையிலும் கோபுரத்திலும் நின்றே எடுக்க வேண்டும், அதற்கு மேல் எதுவானாலும் முன் அனுமதி பெற வேண்டும். பொதுக் குளங்களின் கரைச் சாலையில் உங்கள் காரே நல்ல மறைவிடம். எஞ்சினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, மணல் பையின் மேல் லென்ஸை வைத்துக் கதவைத் திறக்காமல் இருந்தால், முக்குளிப்பானும் பாம்புத்தாராவும் வியப்பளிக்கும் அருகில் வரும். மீனைக் குத்திய பாம்புத்தாரா அதை மேலே தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்குவதை எடுக்க விரும்புவோர், அது முக்குளித்த இடத்தையே பார்த்துக்கொண்டிராமல் லென்ஸைச் சற்று அகலமாக வைத்திருக்க வேண்டும். எழும் இடம் எப்போதும் வேறாகத்தான் இருக்கும்.


பாறைக்குழி எழுதியது:

மீன் தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேரளத்தில் தட்டேக்காட்டுப் பக்கம் மறைவிடங்கள் நடத்தி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. மழை பொய்க்கும் நம் மேட்டுக்காட்டு விவசாயிக்கு அப்படி ஒரு வருமானம் வந்தால் குட்டையையும் வேலியையும் அவர் காப்பாற்றுவார். இல்லாவிட்டால் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுவிடுவார். பறவைக்கும் சுலபமாக இரை கிடைக்கிறது. இதில் யாருக்கு என்ன கேடு?


பனங்காடை எழுதியது:

விவசாயிக்கு வருமானம் வர வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கொரங்காடு இருக்கும் வரைதான் கவுதாரியும் வானம்பாடியும் அங்கே இருக்கும். ஆனால் கோடையில் தண்ணீர் வைப்பதையும் தொட்டியில் மீனை அடைத்து வைப்பதையும் ஒன்றாக எண்ணுவதற்கில்லை. தண்ணீரைப் பறவை குடித்துவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. அடைபட்ட மீனோ தப்ப வழியில்லாதது. அதைப் பிடிக்கும் பறவைக்கு வேட்டைத் திறன் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆழம் குறைந்த தொட்டியின் அடியில் அலகு மோதிக் காயப்படவும் கூடும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் பறவைகள் வரத் தொடங்கினால் வல்லூறும் பூனையும் அதை விரைவில் கண்டுகொள்கின்றன. இதைத் தவிர, இப்படி எடுத்த படம் அந்தப் பறவையின் வாழ்க்கையைப் பற்றிப் பொய் சொல்கிறது. எந்தக் குட்டையில் எந்த மீனை அது பிடித்தது என்பதைப் படம் பார்ப்பவர் உண்மையென்றே எடுத்துக்கொள்வார்.

கிளை ஒன்றை நட்டு வைப்பதில் எனக்குத் தடையில்லை. பறவை அதில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம், முடிவு அதனுடையது. குட்டையில் மீன் குஞ்சுகளை விட்டு வளர்ப்பதும் நல்லதே, ஏனென்றால் அங்கே மீனுக்கும் ஓட இடம் இருக்கிறது.

கூட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஞ்சுருட்டான் மாசி, பங்குனியில் மண்மேட்டில் வளை தோண்டத் தொடங்கும். இரையோடு திரும்பத் திரும்ப அதே வளைக்கு வருவதால் படமெடுப்பது எளிது, அதனாலேயே அந்த இடத்தில் மறைவிடம் வைக்கும் ஆசை எழும். பறவை நம்மைக் கண்டு தயங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் குஞ்சுகள் பட்டினி கிடக்கின்றன. நம் தடத்தைப் பின்பற்றி நாயும் கீரியும் வளைக்கு வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரப்பட்ட விளக்கமே, காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதை உள்ளடக்கியது. அதே பஞ்சுருட்டான் கூடு வைக்காத மாதங்களிலும் ஒரே வேலிக்குச்சிக்குத்தான் திரும்பி வருகிறது. தேனீயைக் குச்சியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்குகிறது. குச்சியில் ஃபோகஸைப் பூட்டி, அது திரும்பி வரும் பக்கத்தில் படத்தில் இடம் விட்டுக் காத்திருந்தால் கூட்டருகே போகாமலே எல்லாம் கிடைக்கும்.


சிரால் எழுதியது:

பனங்காடை அம்மணி சொன்னதோடு ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறேன். மீன்கொத்தி தான் தின்னப்போகும் மீனின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். மீனின் தலை அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இணைக்கோ குஞ்சுக்கோ எடுத்துச் செல்லப்படுகிறது. அப்படிப் பார்த்தால் கூடு அருகில் இருக்கிறது என்று கொண்டு, அந்தப் பறவை போகும் வழியில் மறைவிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தப் பருவம் முடியும் வரை அதைக் காலியாக விட்டுவிடுங்கள். ஆள்காட்டிப் பறவை உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினாலும் தரையில் முட்டை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.


பாறைக்குழி எழுதியது:

தொட்டியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். விவசாயிக்குக் கட்டணம் கொடுத்து, தண்ணீர் மட்டும் வைத்த மறைவிடத்தில் உட்காரும் பழக்கம் நம் பக்கத்திலும் வர வேண்டும் என்பதே என் கருத்து. படம் கிடைக்காத நாளுக்கும் கட்டணம் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் உறுதி என்று சொல்வதற்காக அவர் தொட்டியைத்தான் தேடுவார்.


கொரங்காட்டுக் கவுதாரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தொட்டி வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். நேற்று மாலை குட்டையைச் சுற்றி நடந்து பார்த்தேன். வெள்வேல மரம் மேற்குக் கரையோரம் நிற்பதால், அதே கரையில் அதற்குத் தெற்கே எட்டு மீட்டர் தள்ளிக் குழி எடுத்தால், கிழக்கே இறங்கும் கொக்குகள் முகம் காட்டும். வடக்கே திரும்பினால் மரத்திலிருந்து தண்ணீருக்குப் பாயும் மீன்கொத்தி குறுக்கே வரும் என்று தோன்றுகிறது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் துறை வடகரையில் இருப்பதால் அவற்றின் வழியும் மறைபடாது. ஆனால் மாலை வெயில் மரத்தின் மேல் இடப்பக்கத்திலிருந்து விழுமே, அதனால் மீன்கொத்தியின் கண் இருண்டுவிடுமா?


நொய்யல் கரை எழுதியது:

இருண்டுவிடாது. கிளையில் உட்கார்ந்து கிழக்கே தண்ணீரைப் பார்க்கும்போது முகம் ஓரளவு நிழலில் இருக்கும் என்பது உண்மைதான்; பாய்ந்து எழுந்து கிளைக்குத் திரும்பும்போது அது மேற்கு நோக்கி வருவதால் முகத்திலும் மார்பிலும் முழு ஒளி விழும். வெளியேறும் கணத்தையே குறி வைக்கச் சிரால் சொன்னது உங்கள் இடத்துக்கு இன்னும் பொருந்துகிறது. ஒளி அளவைத் தானியங்கியில் விடாமல், வெயில் விழும் மரப்பட்டையில் அளந்து கைமுறையாக நிலைநிறுத்துங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் வெண்மையான மார்பு வெளுத்துப்போகாமல் இருக்க மூன்றில் ஒரு படி குறைத்தே வைக்கலாம். குழியை இப்போதே எடுத்துச் சோளத்தட்டை நிறுத்திவிடுங்கள். ஆனி பிறப்பதற்குள் பறவைகள் அதற்குப் பழகியிருக்க வேண்டும்.